தாருக்கு அடியில் இருந்த ஈரம்

டிங்கரிங் வேலை செய்யும் பாய் எங்கள் பழைய காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே கணீரென்று கேட்டது. பின் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. திண்ணையில் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வருடம் நாகஸ்வரம் வாசித்தவர், தவில் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்.

“மழையில நனைஞ்ச தவில் மாதிரி கேக்குது பாய்.”

பாய் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து முனையால் லேசாக அழுத்தினார். கறுப்பாக, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருந்த தார்ப் பூச்சைத் துளைத்துக்கொண்டு அது காருக்குள்ளே எட்டிப் பார்த்தது.

அது 1986-ஆம் வருடத்து அம்பாசடர், மார்க் 4. அப்பா கச்சேரிப் பணத்தில் வாங்கிய ஒரே வாகனம். மன்னார்குடியிலிருந்து சிக்கல், எட்டுக்குடி, வேதாரண்யம், திருக்கடையூர் என்று எந்தத் திருவிழாவுக்கும் அதில்தான் போவார்கள். டிக்கியில் இரண்டு தவில், மடியில் நாகஸ்வரப் பெட்டி. பாதி ஊர்கள் கடற்கரையை ஒட்டியவை. இரவு முழுக்க உப்புக் காற்றில் நின்றுவிட்டு, விடிந்ததும் வயல்வெளிச் சேற்றில் திரும்பி வரும். அம்பாசடருக்கு லாரி போலத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும், உடம்பும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. பெயின்ட் போனால் அழகு போகும், அவ்வளவுதான். அடித்தகடு போனால் வண்டியே போய்விடும்.

இதெல்லாம் தெரிந்துதான் 2015-இல் ஒரு பட்டறையில் விட்டு அடியில் தார்க் கோட்டிங் அடித்தோம். ஐப்பசி மாதம். காலையில் வாட்டர் சர்வீஸ், மத்தியானம் கோட்டிங், சாயங்காலம் வண்டி வீட்டில். எவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம். அடுத்து 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. கொட்டகை வண்டி மேலேயே சாய்ந்து கிடந்தது. நாலைந்து நாள் ஈரக் கீற்றுக்கு அடியில் நின்ற வண்டியை வெளியே எடுத்தபோது அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். கறுப்பாக, கெட்டியாக இருந்தது. தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மூன்று வருடம் யாரும் குனியவே இல்லை.

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். துருப்பிடித்தலுக்கு மூன்று சோதனைக் குழாய்களை வைத்துக் காட்டுவது வழக்கம். ஒன்றில் ஆணி, தண்ணீர், காற்று. இரண்டாவதில் கொதித்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு, அதோடு காய்ந்த காற்று. முதல் குழாயில் மட்டும் ஆணி துருப்பிடிக்கும். தண்ணீர், ஆக்ஸிஜன் இரண்டும் சேர்ந்தால்தான் துரு என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எங்கள் வண்டிக்கு நடந்தது அந்த மூன்றிலும் இல்லாத நான்காவது குழாய். உப்புச் சேற்றில் நனைத்த ஆணிக்கு மேல் தார் பூசி, தாரில் ஆங்காங்கே ஊசித்துளை விட்டால் என்ன ஆகுமோ அது.

தார் வெயிலில் இளகும், வருடம் ஆக ஆக இறுகும், பிறகு வெடிக்கும். வெடிப்பு முதலில் வருவது இரண்டு தகடு சேரும் ஓரங்களில். அந்த வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. காற்று குறைவாக இருந்தால் துருவும் குறையும் என்று தோன்றும். இந்த இடத்தில் அது தலைகீழ். வெடிப்பின் வாயில் காற்று நிறைய, உள்ளே மூடிய ஈரத்தில் காற்று குறைவு. இந்த வேறுபாடே ஒரு மின்கலம் போல வேலை செய்து, காற்று குறைவான உள் இடத்து இரும்பைக் கரைக்கும். உப்பு இருந்தால் மின்னோட்டம் இன்னும் சுலபம். உண்டாகும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் தாரை மேலும் தூக்கும், மேலும் தண்ணீர் போகும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு அப்படியே இருக்கும்.

“சீவாளிய ஈரத்தோட மூடி வைக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலேருந்து சொல்றேன், இது அதுதானே” என்றார் அப்பா, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் துண்டைச் சொல்லி. நான் இவ்வளவு பெரிதாக எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

2022 தை மாதம் வேலையைத் தொடங்கினோம். மாதம் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்குள், அந்த அணைத் தண்ணீர் வந்து சேரும் எங்கள் பாமணி ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே கழுவும் வேலையை முடித்துவிட நினைத்தேன். காரணம், எங்கள் வீட்டு போர் தண்ணீர். தாரைச் சுரண்டும்போது வந்த சேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைட்ரேட் சேர்த்துப் பார்த்தேன். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தது. குளோரைடு, அதாவது உப்பு. சந்தேகம் வந்து போர் தண்ணீரையும் சோதித்தேன். அதுவும் நன்றாக வெளுத்தது. இத்தனை வருடம் உப்பைக் கழுவுகிறோம் என்று உப்புத் தண்ணீரையே பீய்ச்சியிருக்கிறோம். பாமணி ஆற்றுத் தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி. கேன் கேனாக அதைக் கொண்டுவந்து கழுவினோம். ஒவ்வொரு தடவையும் வழிந்த தண்ணீரைச் சோதித்து, ஆற்றுத் தண்ணீர் அளவுக்கு வந்த பிறகுதான் நிறுத்தினோம். நம் பக்கத்தில், அதிலும் கடலோரத்தில், வாட்டர் சர்வீஸ் விடுபவர்கள் அங்கே எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாக்கில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரில் காரைக் கழுவ வேண்டாம்.

தாரை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய பகுதி. பன்னிரண்டு நாள் ஆனது. என் தம்பி கேஸ் டார்ச்சைக் காட்டி உருக்கிவிடலாம் என்றான். பாய் கடுமையாக மறுத்துவிட்டார். அடியில் பெட்ரோல் குழாய் ஓடுகிறது, தார் தீப்பிடித்தால் ஒட்டிக்கொண்டே எரியும், மேலே சீட்டுப் பஞ்சு. முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்தோம். விடியற்காலை ஐந்தரைக்குத் தை மாதக் குளிரில் தார் இறுகி இருக்கும். அப்போது மழுங்கிய உளியும் சுத்தியும் கொண்டு தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். பத்து மணிக்கு மேல் அதே தார் அல்வா மாதிரி உளியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் பெயர்ப்பது, பிடிவாதமான இடங்களை ஹாட் ஏர் கன்னில் இளக்கிச் சுரண்டுவது, மிச்சத்தை மண்ணெண்ணெயில் துடைப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும். பிரைமர் என்னும் முதல் பூச்சுக்கு முன்னால் தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் இரண்டு தடவை துடைத்தே ஆக வேண்டும், இரண்டாம் தடவைக்குப் புதுத் துணி.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. செங்கல் அடுக்கவே கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். நான்கு இரும்பு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை, கண்ணாடி, நல்ல முகமூடி. படுத்துக்கொண்டு சுரண்டும்போது எல்லாம் கண்ணில்தான் விழும்.

பெயர்ந்து விழுந்ததை ஒரு சாக்கில் சேர்த்து வைத்தேன். வண்டல் களிமண், நெல், கருக்காய், பொடிப் பொடியான வைக்கோல். சாலையில் காயப்போட்ட நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் ஓட்டி ஓட்டிச் சேர்ந்தது. நம் களிமண் தண்ணீரை எவ்வளவு நாள் விடாமல் வைத்திருக்கும் என்று சம்பா போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவே மட்கார்டின் மேல் விளிம்பில் உட்கார்ந்தால் மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் தகடு ஈரமாகவே இருக்கும். அப்படி அடைந்து கிடந்த இடங்கள்: முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலை, மட்கார்டின் உள் விளிம்பு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தகட்டோடு சேரும் இடம், கதவுக்குக் கீழ் இருக்கும் பெட்டித் தகட்டின் இரு முனைகள். தகடு போயிருந்ததும் சரியாக இந்த இடங்களில்தான். 2015-இல் இந்தச் சேற்றின் மேலேயே தார் அடித்திருக்கிறார்கள். ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வைக்கோல் ஒட்டியிருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

டிங்கரிங்கில் நான் பார்வையாளர்தான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓட்டையின் மேல் தகட்டை ஒட்டுவது வேண்டாம். “டீச்சர், அழுகின பல்லுக்கு மேல தொப்பி போட்டா வலி போயிடுமா?” என்று கேட்டு, நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பாய் புதுத் தகடு வைத்தார். உள்ளங்கை அளவு என்று நினைத்த ஓட்டை வெட்டி முடித்தபோது தாம்பாளம் அளவுக்கு வந்தது. மொத்தம் நான்கு இடங்கள். வெல்டிங் சூட்டில் தகட்டின் மறுபக்கப் பூச்சும் கருகிவிடும், அந்த மறுபக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் இருக்கும். எங்கெங்கே வெல்டிங் என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். பின்னால் பெட்டிக்குள் துருவைத் தடுக்கும் மெழுகு அடிக்கும்போது அது உதவியது.

மணல் பீய்ச்சித் துரு எடுக்கலாமா என்று கேட்பார்கள். கனமான பாகங்களுக்குச் சரி. மெல்லிய தகட்டில் பீய்ச்சினால் தகடு நெளிந்துவிடும். நம் ஊர்க் காற்றில், சுத்தம் செய்த வெறும் இரும்பு ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாங்கள் கம்பிச் சக்கரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். ஒரு நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்குத்தான் அன்றைக்குத் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குத்தான் துரு மாற்றி. டானிக் அமிலம் கலந்த அந்தத் திரவம் பட்டதும் செந்துரு நீலக் கறுப்பாக மாறும். இந்த நிறம் நமக்குப் புதிதில்லை. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுக்கும் அல்லவா, துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது அந்த வினையில்தான். துருவை டானேட்டாக மாற்றித் தகட்டோடு நிலைக்கவைக்கும் வேலை அது. ஆனால் உதிரும் துருவின் மேல் பூசிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உதிர்வது அத்தனையும் போன பிறகு, குழிக்குள் பிடித்துக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு மட்டும் அது. சுத்தமான தகட்டில் அதற்கு வேலையே இல்லை.

பிரைமர் எபாக்ஸி, இரண்டு டப்பா கலக்குவது. பாய் முதலில் ரெட் ஆக்சைடு போதும் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தை மெல்ல உள்ளே விடும், எபாக்ஸி இறுகிய பிறகு அந்த அளவுக்கு விடாது. நிறமும் வேண்டுமென்றே வெளிர் சாம்பல். துரு எட்டிப் பார்த்தால் சாம்பலில் உடனே தெரியும், கறுப்பில் தெரியாது. டப்பாவில் போட்டிருக்கும் கலவை விகிதத்தைக் கண்ணளவில் வைக்காமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றினேன். அடுத்த கோட்டிங்குக்கு எவ்வளவு நேரம் என்றும் அதிலேயே இருக்கும், அந்த நேரம் தாண்டிவிட்டால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் அடிக்கும் நேரம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி. இயற்பியல் ஆய்வகத்திலிருந்து, காற்றின் ஈரப்பதத்தை அளக்க உதவும் ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்து கொட்டகையில் தொங்கவிட்டேன். மாசி மாதம் காலை எட்டு மணிக்குக்கூடத் தகட்டைத் தொட்டால் சில்லென்று கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் அடித்தோம். பாய்க்கு இந்தக் கருவி முதலில் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வாரம் “இன்னிக்கு மீட்டர் என்ன சொல்லுது டீச்சர்?” என்று அவரே கேட்டுவிட்டுத்தான் கம்ப்ரசரைப் போடுவார்.

பிரைமர் காய்ந்ததும் தகடு சேரும் ஓரங்களுக்கு, இடுக்கை அடைக்கும் சீம் சீலர். அதன் பிறகுதான் எல்லோரும் அண்டர்கோட்டிங் என்று சொல்லும் பூச்சு. எல்லா இடத்துக்கும் ஒரே பொருள் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சக்கரம் கல்லையும் ஜல்லியையும் வீசும் மட்கார்டுகளுக்கு உள்ளே ரப்பர் தன்மையுள்ள கோட்டிங், அடி வாங்கினாலும் மீண்டுகொள்ளும். தரைத் தகட்டுக்கு மெழுகு வகை. அது ரப்பர் போலக் கெட்டியாக இருக்காது, விரலால் அழுத்தினால் பதியும். ஆனால் வெடிக்காது, சிறு கீறலை ஓரளவு தானே மூடிக்கொள்ளும், பிறகு ஒரு இடத்தை மட்டும் சுரண்டித் திரும்பப் பூசலாம். பெட்டித் தகடுகளுக்குள் ஓரங்களில் ஊர்ந்து போகும் மெல்லிய மெழுகு, நீளக் குழாயின் முனையில் நாலாபக்கமும் தெளிக்கும் நாசிலோடு. மூன்றையும் கனமாக ஒரே தடவையில் அடிக்காமல் மெல்லியதாக இரண்டு தடவை அடித்தோம். கனமாக அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும்.

எதில் படக் கூடாது என்பது எதில் பட வேண்டும் என்பதைவிட நீளம். சைலன்சர் குழாயில் பட்டால் புகையும். சுழலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் வண்டி அதிரும். பிரேக் டிரம், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், கிரீஸ் அடிக்கும் நிப்பிள், ரப்பர் புஷ், முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும், நீளவாட்டில் ஓடும் டார்ஷன் பாரின் பல் முனைகள் எல்லாவற்றையும் தாளும் டேப்பும் வைத்து மூடினோம். பின் பட்டை ஸ்பிரிங்கில் கோட்டிங் வேண்டாம். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நகர வேண்டும், அதற்குக் கிராஃபைட் கிரீஸ்தான்.

தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல் பார்ப்பதற்கு அம்மா சொன்ன வழி தென்னை ஈர்க்கு. கதவுகளிலும் பெட்டித் தகட்டிலும் உள்ள ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலும் இரண்டு மூன்று ஈர்க்கைச் சொருகிவிட்டு அடித்தோம். ஈரம் காயும் முன் உருவிவிட்டால் ஓட்டை சுத்தமாக இருக்கும். இருபத்திரண்டு என்று எண்ணிச் சொருகினேன், இருபத்திரண்டை உருவினேன். இருபத்து மூன்றாவதாக ஓர் ஓட்டை இடது பின் கதவில் இருந்திருக்கிறது. ஆவணியில் ஒரு மழைக்குப் பிறகு திருப்பத்தில் கதவுக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஆடியது. அப்பாதான் முதலில் கேட்டார். ஆணியால் குத்தியதும் அரைச் செம்பு தண்ணீர் கொட்டியது. நீங்கள் செய்தால் அடிப்பதற்கு முன்பே கதவுக்குள் தண்ணீர் ஊற்றி, எங்கெங்கே வழிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவிட்டு அப்புறம் அடியுங்கள்.

மெழுகு அடித்த பிறகு இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே சாக்கு விரித்து வைத்தோம். வாசனை காருக்குள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. கண்ணாடிகளை இறக்கியே வைத்திருந்தோம்.

பழைய ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா காலத்தில் வருடா வருடம் சர்வீஸ் முடிந்ததும் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடிப்பார்கள். கழிவு ஆயில் ரப்பரை ஊதவைக்கும், தோலுக்குக் கெடுதல், மழையில் வழிந்து மண்ணில் கலக்கும். நான் அதைச் செய்ய மாட்டேன். ஆனால் 1986-லிருந்து 2015 வரை, இருபத்தொன்பது மழைக்காலம், இந்த வண்டியின் அடித்தகட்டைக் காத்தது அந்தப் பழக்கம்தான் என்பதையும் மறைக்க மாட்டேன். எண்ணெய் ஓரங்களுக்குள் ஊர்ந்து போனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வருடத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் டார்ச் அடித்து அடியில் பார்த்தார். தார் பூசியதும் நாங்கள் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

அதனால் இப்போது இரண்டு நாள் குறித்து வைத்திருக்கிறேன். புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறை, பொங்கல் கழிந்து ஆற்றுத் தண்ணீர் இருக்கும்போதே ஒரு முறை. கடற்கரை ஊருக்குப் போய் வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி, வெயிலில் நிறுத்திக் காயவைப்பேன். வைக்கோலின் மேல் ஓட்ட நேர்ந்தால் வீடு வந்ததும் கையை விட்டு எடுத்துவிடுவேன். சூடான சைலன்சரில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும், துருவெல்லாம் அப்புறம். தார்ப்பாய் போட்டு இறுக மூடுவதையும் நிறுத்தியாயிற்று. மேலே கூரை, நாலு பக்கமும் காற்று, கீழே சிமென்ட் தரை.

மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. 2024 புரட்டாசியில் இடது பின் ஸ்பிரிங் சேரும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மெழுகு உரசிப் போய், சாம்பல் பிரைமரில் ஒரு செம்புள்ளி தெரிந்தது. கறுப்பாக இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, பிரைமர் தொட்டு வைத்து, மறுநாள் மத்தியானம் டப்பாவில் மிச்சமிருந்த மெழுகை பிரஷ்ஷால் பூசினேன். கையில் பிடித்த வேலை அரை மணி நேரம்கூட இல்லை. அந்த வாரமே அப்பாவை அதில் வேதாரண்யத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்த மறுநாள் அடியைக் கழுவினேன்.